ரஷ்யாவா? மேலைநாடுகளா? – கல்வராயன் மலையிலிருந்து ஒரு கேள்வி

"வரலாறு படித்தவன் நீ ஒருத்தன்தான் சும்மா இருக்கே. மலருக்கு ஒரு கட்டுரை தந்தே ஆகணும்" என்று மலர்க்குழு நண்பர்கள் தொலைபேசியில் அன்புக் கட்டளை இட்டார்கள். எதை எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். கல்லூரி நாட்களின் கலாட்டாக்களை எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் நம் செட்டில் இருக்கிறார்கள். ஆகவே நாற்பது ஆண்டுகளாக எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு பழைய பாக்கியை இந்தப் பக்கங்களில் தீர்த்துவிடலாம் என்று துணிந்தேன். கட்டுரை கொஞ்சம் கனமாக இருந்தால் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

1984ஆம் ஆண்டு. ஏப்ரல் மாதத்தில் ராகேஷ் சர்மா சோவியத் விண்கலத்தில் ஏறி விண்வெளிக்குப் போய்வந்திருந்தார். ஊரெல்லாம் ரஷ்யா பேச்சு. அந்தக் கல்வியாண்டின் வரலாற்று மன்றத் தொடக்க விழாவில் பட்டிமன்றம் வைத்தார்கள். "நாட்டு முன்னேற்றத்திற்கு நல்வழி காட்டுவது ரஷ்யத் தலைமையா? மேலைநாட்டு அரசுகளா?" என்பது தலைப்பு. நான் ரஷ்ய அணிக்குத் தலைவன். காரணம் கொள்கை ஒன்றும் இல்லை. நியூ செஞ்சுரி புத்தக நிலையம் கண்காட்சி போட்டபோது மலிவு விலைக்கு வாங்கிய நாலைந்து ரஷ்யப் புத்தகங்கள் என்னிடம் இருந்தன. அத்தோடு 'சோவியத் நாடு' பத்திரிகை. அதன் வழவழப்பான தாளில் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்!

என் பேச்சுக்கு முதல் ஆதாரம் நெய்வேலி. கள்ளக்குறிச்சி அன்று தென்னாற்காடு மாவட்டம்; நெய்வேலியும் அதே மாவட்டம். முந்தைய ஆண்டுதான் பேராசிரியர் அவர்கள் எங்களை அங்கே சுற்றுலா அழைத்துப் போயிருந்தார். 1956இல் நிறுவனம் தொடங்கியது, 1962இல் முதல் மின் உற்பத்தி அலகு ஓடியது, 600 மெகாவாட் அனல் மின் நிலையம் முழுக்கச் சோவியத் உதவியில் எழுந்தது என்று புள்ளிவிவரங்களைப் பொழிந்து தள்ளினேன். எதிரணித் தலைவர் லேசுப்பட்டவர் இல்லை. "கரண்ட் எடுத்தது ரஷ்யாக்காரன் மெஷின். சரி. அதுக்கு நிலக்கரி தோண்டின ராட்சசச் சக்கரம் யாரு குடுத்தது? மேற்கு ஜெர்மனிக்காரன்!" என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. உண்மைதான். ஒரே பள்ளத்தில் மேலைநாட்டு இயந்திரம் தோண்டிப் போட, ரஷ்ய இயந்திரம் எரித்தது. (அந்தப் பழைய மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது. நாமும்தான்.)

நான் விடவில்லை. பிலாய் உருக்காலையை எடுத்தேன். எதிரணியில் ரூர்கேலாவை ஜெர்மனியும் துர்காபூரை இங்கிலாந்தும் கட்டித் தந்ததைச் சொன்னார்கள். மூன்றும் 1959ஆம் ஆண்டில் உலை மூட்டியவை. நான் பொக்காரோவைக் காட்டினேன். பொதுத்துறையில் அமைகிற ஆலைக்கு உதவ அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்து 1963இல் அந்தப் பேச்சு கைவிடப்பட, சோவியத் அரசு ஏற்றுக்கொண்டது. அவர்கள் பள்ளிக்கூடத்தில் நாம் சாப்பிட்ட அமெரிக்கக் கோதுமை உப்புமாவையும் பால்பவுடரையும் நினைவூட்டினார்கள். நான், 1965, 66 பஞ்ச காலத்தில் ஜனாதிபதி ஜான்சன் கோதுமைக் கப்பல்களை ஒவ்வொன்றாக அளந்து அளந்து விட்டதை நினைவூட்டினேன். தீர்ப்பு எங்கள் பக்கம். பரிசு, எதிர்பார்த்தபடியே, ஒரு ரஷ்ய நாவல்.

தீர்ப்புக்கு முன் அவையில் யாரும் கேள்வி கேட்கலாம் என்றார் நடுவர். பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவர். மூன்று வருடத்தில் வகுப்பில் அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. (பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நம் செட்டுக்காரர்களுக்குத் தெரியும்.) அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏங்க, ரஷ்யாவுல கூட்டுப்பண்ணையில வேலை செய்றவன் ஊரை உட்டு வெளிய போவணும்னா யாரைக் கேக்கணும்?"

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "எல்லோருக்கும் உள்ளூரிலேயே வேலை இருக்கிற நாட்டில் எவன் ஐயா ஊரை விட்டுப் போவான்?" என்று ஒரு போடு போட்டேன். சபை சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சிரிப்புத்தான் நான் சொன்ன பாக்கி.

அன்று இரவு விடுதியில் போய் அவரைப் பார்த்தேன். கோபமாக இல்லை. மெதுவாகத்தான் பேசினார். அவருக்குப் பத்து வயதிருக்கும்போது, அவருடைய அப்பா சொல்லாமல் கொள்ளாமல் கீழ்நாட்டுக்கு அறுப்பு வேலைக்கு இறங்கிவிட்டாராம். ஜாகீர் ஆட்கள் வந்து திரும்ப அழைத்துப் போய், போன நாட்களுக்கு ஈடாகச் சம்பளமில்லாமல் உழைக்க வைத்தார்களாம். எந்த ஜாகீர் என்று எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை. "அதான் கேட்டேன். வேற ஒண்ணும் இல்ல" என்று பாயை விரித்துக்கொண்டார்.

கீழ்நாட்டில் பிறந்த நமக்குக் கல்வராயன் மலை என்றால் கோமுகி அணைக்கு மேலே தெரிகிற நீலக் கோடு. கடுக்காய் வரும், புளி வரும், மரவள்ளிக் கிழங்கு ஆத்தூர் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும். அதற்கு மேல் நாம் கேட்டதில்லை. அந்த மலையில் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்கள் இருந்தன. கிருஷ்ணதேவராயர் காலத்தில் கொடுக்கப்பட்டவை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. மலையாளி என்று சர்க்கார் பட்டியலில் இருக்கும் அந்தப் பழங்குடி மக்கள் (கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய கதை) ஜாகீர்தாருக்கு வரியும் கொடுத்தார்கள், உழைப்பும் கொடுத்தார்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. கீழே ஜமீன்கள் போயின. மேலே ஜாகீர் போகவில்லை. நெய்வேலியில் ரஷ்ய மின்சாரம் எரிய ஆரம்பித்த பிறகும், ககாரின் பூமியைச் சுற்றி வந்த பிறகும் போகவில்லை. 1976இல்தான் அரசு அந்த மலையை முழுதாகத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது.

1976 என்றால் எமர்ஜென்சி. அந்த ஜனவரி 31ஆம் தேதி தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டு ஜனாதிபதி ஆட்சி நடந்துகொண்டிருந்தது. பத்திரிகைக்குத் தணிக்கை, பேசியவர்கள் சிறையில். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் அதே காலத்தில்தான் வந்தது. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக, 1976இல் முழுச் சட்டமாக. ஆக, கீழ்நாட்டுக்காரனின் வாய் பூட்டப்பட்டிருந்த வருடத்தில் மலைக்காரனின் கால் அவிழ்த்துவிடப்பட்டது. எமர்ஜென்சியைப் பற்றி எங்கள் வீட்டுத் திண்ணையில் பேசினால் எல்லோரும் திட்டுவார்கள். நண்பரின் அப்பாவிடம் கேட்டால் இந்திரா காந்தி அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடுவார். இருவரில் யாரையும் நான் பொய்யர் என்று சொல்ல மாட்டேன்.

நண்பரின் கேள்விக்கு விடை எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் கிடைத்தது. சோவியத் யூனியன் 1991இல் கலைந்த பின், அதுவரை 'சோவியத் நாடு' போடாத சங்கதிகள் எல்லாம் புத்தகங்களில் பரவலாக வரத் தொடங்கின. அப்போது தெரிந்துகொண்டேன். 1932 டிசம்பரில் ஸ்டாலின் அரசு உள்நாட்டுப் பாஸ்போர்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நகரத்தில் குடியிருக்க, வேலைக்குச் சேர அது வேண்டும். கூட்டுப்பண்ணை விவசாயிக்கு மட்டும் அது பொதுவாகத் தரப்படவில்லை. அவன் வெளியே போகவேண்டுமானால் உள்ளூர் நிர்வாகத்திடம் சீட்டு வாங்க வேண்டும். அந்தக் குளிர்காலத்தில்தான் உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் வேறு பகுதிகளிலும் பஞ்சம். பல பத்து லட்சம் பேர் மாண்டார்கள். பசியில் ஊரை விட்டு ஓடியவர்களை ரயில் நிலையங்களிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். தானியம் மட்டும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி ஆனது. அதை விற்ற காசில் இயந்திரங்கள் வந்தன.

விவசாயிக்கும் பாஸ்போர்ட் உண்டு என்று பிரஷ்னேவ் காலத்தில், 1974 ஆகஸ்டில் முடிவெடுத்தார்கள். வழங்கத் தொடங்கிய ஆண்டு எது தெரியுமா? 1976! கொடுத்து முடிக்க 1981 ஆகிவிட்டது. கல்வராயன் மலைக்காரனும் ரஷ்யக் கூட்டுப்பண்ணைக்காரனும் ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே வருடத்தில் காலை நீட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பட்டிமன்றத்தில் சபை சிரித்த சத்தம் காதில் கேட்டது.

அப்படியானால் மேலைநாட்டு அணிக்குத் தீர்ப்பை மாற்றிக் கொடுத்துவிடலாமா என்றால், அதற்கும் மனசு ஒப்பவில்லை. 1876 முதல் 78 வரை நம் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். இங்கிலாந்தில் அப்போது நாடாளுமன்றம் இருந்தது. 1867 சீர்திருத்தத்தால் நகரத்துத் தொழிலாளர்கள் பலருக்கு ஓட்டும் வந்திருந்தது. அந்த நாட்டின் ஆட்சியின் கீழ்தான் நிவாரண வேலை செய்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் அதற்குமேல் ஓர் அணாவும் என்று கணக்குப் போட்டுக் கூலி கொடுத்தார்கள். இந்தியாவிலிருந்து தானியக் கப்பல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. 1881 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்து மக்கள்தொகை பத்தாண்டுக்கு முன் இருந்ததைவிடக் குறைந்து காணப்பட்டது. லண்டன்காரன் ஓட்டுக்குப் பயந்த அரசு, சேலத்துக்காரனுக்குப் பயப்பட வேண்டிய அவசியம் இல்லை. அவனுக்கு ஓட்டு ஏது?

அமெரிக்காவையும் பாருங்கள். ரஷ்யாவில் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் 1861இல் பண்ணையடிமை முறையை ஒழித்தார். கீழேயிருந்து வெடிப்பதற்குமுன் மேலேயிருந்து நாமே ஒழித்துவிடுவது மேல் என்று பிரபுக்களிடம் வெளிப்படையாகவே பேசியவர் அவர். அமெரிக்காவில் லிங்கன் பிரகடனம் 1863. அரசியல் சட்டத் திருத்தம் 1865. ஒன்று முடியாட்சி, ஒன்று மக்களாட்சி. இரண்டிலும் அடிமை விடுதலையானான். இரண்டிலும் நிலம் சரியாகக் கைக்கு வரவில்லை. ரஷ்யக் குடியானவன் தன் நிலத்துக்கே தவணை கட்டினான். 1905 புரட்சிக்குப் பிறகுதான், 1907 முதல், அந்தத் தவணை ரத்தானது. அமெரிக்கக் கறுப்பர் பழைய எஜமானிடமே வாரத்துக்கு உழுதார். தென் மாநிலங்களில் அவருடைய ஓட்டுக்கு உண்மையான பாதுகாப்புக் கிடைத்தது 1965இல். நம் மலையில்? ஜாகீர் போன பிறகு நிலத்துக்குப் பட்டா கேட்டு அலைந்தார்கள். வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தும், வழக்குகளால் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் தடைப்பட்டு, 2016இல்தான் வழி திறந்தது. நண்பர் சொல்வார்: "கயித்த அவுத்துட்டாங்கப்பா. கட்டுத்தறி இன்னும் அவங்க எடத்துலதான இருக்குது."

ரஷ்யத் தலைமை சாதித்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1897 கணக்கெடுப்பில் ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்துக்கு மூன்று பேர்கூட எழுதப் படிக்கத் தெரியாமலிருந்த நாடு, 1939இல் ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு வந்துவிட்டது. நம் நாட்டில் 2011 கணக்கெடுப்பின்போதுகூடத் தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 54 பேர்தான். மாநிலம் முழுவதற்கும் 80. லெனின் 1920இலேயே மின்மயத் திட்டம் போட்டார். 1932இல் நீப்பர் நதி அணை மின்சாரம் தந்தது. அதற்கு ஆலோசகராக இருந்தவர் ஓர் அமெரிக்கப் பொறியாளர் என்பதும், முதலில் பொருத்திய பெரிய மின்னாக்கிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வந்தவை என்பதும் அன்று எனக்குத் தெரிந்திருந்தால் பட்டிமன்றத்தில் இன்னொரு அடி வாங்கியிருப்பேன்! அமெரிக்காவிலோ 1935 வாக்கில்கூடப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம். தனியார் கம்பெனிகள் லாபமில்லை என்று கம்பி இழுக்கவில்லை. ரூஸ்வெல்ட் அரசு கடன் கொடுத்து, விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களைக் கொண்டு இழுத்தது. ஒருவர் கட்டளையிட்டார், மற்றவர் கடன் கொடுத்தார். விளக்கு இரண்டு இடத்திலும் எரிந்தது. ஆனால் அமெரிக்க விவசாயி சங்கக் கூட்டத்தில் எழுந்து கம்பம் இங்கே வேண்டாம், அங்கே நடு என்று சொல்ல முடிந்தது. நெய்வேலியில் நிலம் கொடுத்த நம்ம ஊர்க்காரரைக் கேட்டால் இந்த வித்தியாசத்தின் அருமையைச் சொல்வார்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் கள்ளக்குறிச்சிக்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அது சாராயம். ஜார் 1914இல் போர் தொடங்கியதும் வோட்காவைத் தடை செய்தார். கஜானாவின் பெரிய வருமானம் போயிற்று. புரட்சி அரசு சில ஆண்டுகள் தடையைக் காப்பாற்றியது, பிறகு வருமானத்துக்காக அதுவே விற்றது. அமெரிக்கா 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடத்திக் கள்ளச்சாராயக் கும்பல்களை வளர்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது. 1937 அக்டோபர் 1இல் ராஜாஜி அவர்கள் மதுவிலக்கை முதன்முதல் தொடங்கிய சேலம் மாவட்டத்தில்தான் கல்வராயன் மலையின் மேற்குப் பாதி இருக்கிறது. 1971இல் தமிழ்நாடு அதைத் தளர்த்தியது. 2003 முதல் அரசே கடை வைத்தது. 1985 மே மாதம் கோர்பசேவ் குடியை ஒடுக்கக் கிளம்பினார். திராட்சைத் தோட்டங்களை வெட்டிச் சாய்த்தார்கள். மக்கள் வீட்டிலேயே காய்ச்சத் தொடங்க, கடைகளில் சர்க்கரை காணாமல் போய், ரேஷன் வந்தது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலை பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரு வல்லரசு சர்க்கரைக்குக் கியூவில் நின்றது வேடிக்கையாகத் தோன்றலாம். வேடிக்கை இல்லை. சோவியத் கலைந்தபின் 1994இல் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 58 ஆண்டுக்கும் கீழே இறங்கியது. மேலைநாட்டு நிபுணர்களின் ஆலோசனையோடு நடந்த அவசரத் தனியார்மயமும் அதில் சேர்த்தி, பாட்டிலும் சேர்த்தி. அந்தக் குழப்பத்தில் களைத்த மக்கள் 2000க்குப் பிறகு மறுபடி ஒரு வலுத்த கையைத் தேடியதும், அந்தக் கை 2022இல் உக்ரைன் மீது போர் தொடுத்ததும் நாம் செய்தியில் பார்த்தவை.

2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்த வாரம் டெல்லி டிவிக்காரர்களெல்லாம் நம் ஊர்ப் பெயரைத் தப்புத்தப்பாக உச்சரித்தார்கள். அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலை பற்றி வழக்கு எடுத்தது. சாலை எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, ரேஷன் அட்டை எங்கே என்று நீதிபதிகள் கேட்டார்கள். நண்பர் எனக்குப் போன் செய்து, "நாப்பத்தெட்டு வருஷம் ஆச்சுப்பா, நாங்க சர்க்காருக்கு வந்து. இப்பத்தான் எங்களை யாரோ கேக்கறாங்க" என்றார். அது சந்தோஷமா வருத்தமா என்று குரலில் பிடிபடவில்லை.

'கடவுள் உயரத்தில், ஜார் தூரத்தில்' என்று ரஷ்யக் கிராமங்களில் ஒரு பழமொழி உண்டு. 1993 வரை வெள்ளிமலைக்காரர் கலெக்டரைப் பார்க்க வேண்டுமானால் மலையிலிருந்து இறங்கி, மாவட்டத்தையே குறுக்கே கடந்து, கடற்கரைக் கடலூருக்குப் போக வேண்டும். பிறகு விழுப்புரம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சியிலேயே கலெக்டர். மலைக்குத் தனித் தாலுகாவும் வந்துவிட்டது. மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் ஒப்பிட்டு மணிக்கணக்கில் பேசிய எனக்கு, கடலூர் எவ்வளவு தூரம் என்பது அன்று உறைக்கவில்லை.

சென்ற மாதம் இந்தக் கட்டுரைக்காகவே மலைக்குப் போயிருந்தேன். கச்சிராயபாளையம், கோமுகி அணை, பிறகு வளைவு வளைவாக ஏற்றம். நண்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர். திண்ணையில் உட்கார வைத்து, கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் போட்டார்கள். சாப்பிட்டு முடித்தபின், 1974 உத்தரவு, 1976 பாஸ்போர்ட் எல்லாவற்றையும் சொல்லி, "அன்னிக்கு நீ கேட்டதுக்கு இதுதான்பா பதில். தெரியாமத்தான் அப்படிச் சொன்னேன், மன்னிச்சுக்க" என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"பாஸ்போர்ட் குடுத்த பிறவு அந்த ஊருங்கள்ல யாராவது தங்குனாங்களா?" என்று கேட்டார்.

பல இடங்களில் இளவட்டங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள், கிழவிகள் மட்டும் மிஞ்சிய கிராமங்கள் ஏராளம் என்றேன். அவர் தெருவைக் கைகாட்டினார். ஐந்தாறு வீடு பூட்டிக் கிடந்தது. கேரளாவுக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போயிருக்கிறார்களாம். தை பிறந்தால் சிலர் வருவார்களாம். "இப்ப யாரையும் கேக்க வேணாம். பஸ் ஏறுனா போதும்" என்றார்.

கடைசியாக மலர்க்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். சந்திப்பு நாளன்று அவர் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மேடையிலும் இரண்டு வார்த்தை பேசுவார். மாலை நிகழ்ச்சியில் போட்டுவிடாதீர்கள். மலைக்குக் கடைசிப் பஸ் போய்விடும். காலையிலேயே அழையுங்கள்.